வீட்டு ஸ்டீரியோவை மேம்படுத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் செட்டில் முதலில் எதை மாற்ற வேண்டும்?

கடைக்குப் போவதற்கு முன்பு, இப்போது கேட்கும் ஒலியில் எது உங்களைத் தொந்தரவு செய்கிறது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். ‘ஆண் குரல் நெஞ்சில்லாமல் மெலிந்து கேட்கிறது’, ‘சத்தத்தைக் கூட்டினால் காது கூசுகிறது’, ‘சில பேஸ் சுரங்கள் மட்டும் வீங்கிக்கொண்டு வருகின்றன’, ‘இசைத்தட்டின் கடைசிப் பாட்டு கரகரக்கிறது’ என்று எதுவாகவும் இருக்கலாம். இந்த நான்கு குறைகளுக்கும் காரணம் நான்கு வெவ்வேறு இடங்களில் இருக்கிறது. குறை இன்னதென்று தெரியாமல் வாங்கப்படும் புதிய பெட்டி, வந்த முதல் வாரத்தில் மகிழ்ச்சி தந்துவிட்டு, அடுத்த மாதம் பழைய குறையோடு அப்படியே உட்கார்ந்திருக்கும்.

பொதுவான வரிசை ஒன்றைச் சொல்லத்தான் வேண்டுமென்றால், ஸ்பீக்கர் வைக்கப்பட்டிருக்கும் இடமும் அறையும் முதலாவது, ஸ்பீக்கர் இரண்டாவது, ஆற்றல் போதாமல் இருந்தால் மட்டும் ஆம்ப்ளிஃபயர் மூன்றாவது, டிஏசி (டிஜிட்டல் இசையை மின்னலையாக மாற்றும் கருவி), கேபிள் போன்றவை கடைசி. நல்ல ஆம்ப்ளிஃபயர் ஒன்றின் ஒலிச்சிதைவு 0.01 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். ஸ்பீக்கரிலோ, தாழ்ந்த அதிர்வெண்களில் சத்தமாக ஒலிக்கும்போது அது ஒரு சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். அறை இன்னும் மோசம்: பேஸ் பகுதியில் ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் இடையில் 10 டெசிபெலுக்கு மேலான ஏற்ற இறக்கத்தை அது தன் பங்குக்கு உண்டாக்கிவிடும்.

செலவே இல்லாமல் ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். நான் முதலில் செய்யச் சொல்வதும் அதைத்தான். இரண்டு ஸ்பீக்கர்களும் நீங்கள் உட்காரும் இடமும் சமபக்க முக்கோணமாக அமையட்டும். உயர்ந்த சுரங்களை ஒலிக்கும் ட்வீட்டர் உங்கள் காது மட்டத்துக்கு வரட்டும். வலப்பக்கம் சுவர், இடப்பக்கம் திறந்த வெளி என்ற நிலை இருந்தால் இயன்றவரை அதைச் சரிசெய்யுங்கள். இவ்வளவும் பலருக்கும் தெரிந்தவை. அதிகம் கவனிக்கப்படாதது, ஸ்பீக்கருக்கும் அதன் பின்சுவருக்கும் இடையில் உள்ள தூரம்.

பெட்டியில் பேஸை ஒலிக்கும் பெரிய கூம்பான வூஃபரிலிருந்து கிளம்பும் தாழ்ந்த ஒலி முன்னால் மட்டும் போவதில்லை; பின்னாலும் போய்ச் சுவரில் பட்டுத் திரும்புகிறது. அப்படித் திரும்பி வரும் அலை, நேராக வரும் அலைக்கு அரை அலைநீளம் பிந்தி வந்து சேரும் அதிர்வெண்ணில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. ஒலியின் வேகம் நொடிக்கு சுமார் 343 மீட்டர். அதைத் தூரத்தின் நான்கு மடங்கால் வகுத்தால், ஒலி குறையும் அந்தப் பள்ளம் எந்த அதிர்வெண்ணில் விழுகிறது என்பது கிடைத்துவிடும்: 50 சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 171 ஹெர்ட்ஸ், 60 சென்டிமீட்டருக்கு 143 ஹெர்ட்ஸ், ஒரு மீட்டருக்கு 86 ஹெர்ட்ஸ்.

என் அறையில் இரண்டு ஸ்பீக்கர்களும் பின்சுவரிலிருந்தும் பக்கச்சுவரிலிருந்தும் சரியாக 60 சென்டிமீட்டரில் பல ஆண்டுகள் நின்றிருந்தன. அளவு சமமாக இருந்ததால் பார்க்க அழகாக இருந்தது. ஆண் குரல் மட்டும் உள்ளீடற்றுக் கேட்டது. அந்தக் குறையைத் தீர்க்க இரண்டு முறை ஆம்ப்ளிஃபயரை மாற்றினேன், இரண்டு முறையும் குறை போகவில்லை. இரண்டு சுவர்களும் ஒரே 143 ஹெர்ட்ஸில் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தன என்பது, தரையில் டேப்பை வைத்து அளந்த அன்றுதான் விளங்கியது. பின்சுவர்த் தூரத்தை மட்டும் 90 சென்டிமீட்டராக ஆக்கியதும் இரண்டு பள்ளங்களும் வெவ்வேறு இடங்களுக்குப் பிரிந்து ஆழம் குறைந்தன. குரல் அதே இரவில் உடம்போடு வந்து நின்றது. ஆகவே, பின்சுவர்த் தூரமும் பக்கச்சுவர்த் தூரமும் சமமாக இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்; ஒரு தடவைக்கு 10 சென்டிமீட்டர் நகர்த்தி, ஒவ்வொரு இடத்திலும் தரையில் காகித நாடா ஒட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

சில பேஸ் சுரங்கள் மட்டும் அறையை நிரப்புகின்றன, சில காணாமல் போகின்றன. வூஃபர் பழுதா?

பெரும்பாலும் இல்லை. எதிரெதிர் சுவர்களுக்கு இடையில் ஒலி நின்றலையாகத் தங்கிவிடுவதே காரணம். 343ஐ அறை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் முதல் நின்றலையின் அதிர்வெண் வரும்: 4 மீட்டருக்கு ஏறத்தாழ 43 ஹெர்ட்ஸ், 3 மீட்டருக்கு 57 ஹெர்ட்ஸ். அகலமும் உயரமும் இரண்டும் 3 மீட்டராக உள்ள அறையில் இரண்டு நின்றலைகளும் அதே 57 ஹெர்ட்ஸில் சேர்ந்து வலுக்கின்றன; மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் ஒரு தட்டுக்கு அடக்கமாகவும் அடுத்த தட்டுக்கு அறை அதிரும்படியும் கேட்பது இப்படிப்பட்ட அறைகளில்தான்.

நீங்கள் எங்கே உட்காருகிறீர்கள் என்பதும் சம அளவு முக்கியம். உங்களுக்குப் பின்னுள்ள சுவரை ஒட்டிய சோபாவில், அறையின் நீளவாக்கில் எழும் எல்லா நின்றலைகளும் உச்சத்தில் இருக்கும். அறையின் நட்டநடுவில் முதல் நின்றலை முற்றிலும் மறைந்துவிடும். சுவரிலிருந்து அறை நீளத்தில் 38 சதவீதத் தூரம் நல்ல தொடக்கப் புள்ளி. அங்கிருந்து முன்னும் பின்னும் நகர்ந்து பார்த்துக்கொள்ளலாம்.

திரைச்சீலையும் தரைவிரிப்பும் பேஸைத் தொடாது. அவை உயர்ந்த அதிர்வெண்களை மட்டும் விழுங்கும். கைதட்டினால் ‘டிங்’ என்று எதிரொலிக்கும் வெற்று அறைக்கு அவை நல்ல மருந்துதான். பேஸுக்கு வேண்டியது மூலைகளில் வைக்கும் தடித்த கண்ணாடி இழை அல்லது பாறைக் கம்பளிப் பலகை; 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த தடிமனில் அது பேஸில் பெரிதாக உதவாது.

மைக் வைத்து அளந்து திருத்தும் மென்பொருள்கள் பயன் தருமா?

பேஸில் நிச்சயம் தரும். ஆர்இடபிள்யூ என்ற இலவச மென்பொருளும் யூஎஸ்பி அளவீட்டு மைக் ஒன்றும் இருந்தால் உங்கள் அறையின் வரைபடம் கண்முன் வந்துவிடும். டிராக், ஆடிஸி போன்ற திருத்தும் மென்பொருள்கள் சில ஆம்ப்ளிஃபயர்களுக்குள்ளேயே வருகின்றன. ஒரே எச்சரிக்கை: மேட்டை வெட்டுங்கள், பள்ளத்தை நிரப்பாதீர்கள். 10 டெசிபெல் பள்ளத்தை நிரப்ப ஆம்ப்ளிஃபயர் பத்து மடங்கு ஆற்றல் தரவேண்டியிருக்கும். அவ்வளவு தந்தாலும் திரும்பிவரும் அலையும் அதே அளவு வலுத்துப் பள்ளத்தைப் பழையபடி தோண்டிவிடும்.

புதிய ஸ்பீக்கரை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்திலும் பிறகு ஹார்மன் நிறுவனத்திலும் பணிபுரிந்த ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் ஆகியோரின் ஆய்வுகள் இந்தக் கேள்விக்கு நேரடியாக உதவுகின்றன. ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் மறைத்து வைத்துக் கேட்கச் செய்தபோது, நேர்முன் ஒலி எல்லா அதிர்வெண்களிலும் சமமாகவும் பக்கவாட்டில் போகும் ஒலி அதே சாயலில் சீராகக் குறைந்தும் உள்ள ஸ்பீக்கர்களையே பெரும்பாலானோர் விரும்பினார்கள். பக்கவாட்டு ஒலி ஏன் முக்கியம்? அறைக்குள் உங்கள் காதை எட்டும் ஒலியில் பெரும்பங்கு சுவரில் பட்டு வருவது. அந்த ஒலியின் நிறம் நேர்முன் ஒலியிலிருந்து மாறுபட்டால் இசைக்கருவியின் சாயலே கெடுகிறது. ‘ஸ்பினோராமா’ என்ற பெயரில் வரும் வரைபடங்கள் இந்த இரண்டையும் ஒரே தாளில் காட்டுகின்றன. நீங்கள் பார்க்கும் ஸ்பீக்கருக்கு அது கிடைக்கிறதா என்று தேடிப் பாருங்கள். அதிர்வெண் எல்லையை மட்டும் போட்டுவிட்டு, எத்தனை டெசிபெல் ஏற்ற இறக்கத்துக்குள் என்று சொல்லாத விவரத்தாள் எதையும் சொல்வதாக ஆகாது.

அதே ஆய்வாளர்கள் 1994இல் வெளியிட்ட இன்னொரு சோதனை என்னை இன்றும் எச்சரிக்கையாக வைத்திருக்கிறது. அதே ஸ்பீக்கர்களைக் கண்ணால் பார்த்துக்கொண்டு கேட்டபோது, பெட்டியின் அளவும் தோற்றமும் பெயரும் மதிப்பெண்ணை மாற்றின. அறையில் ஸ்பீக்கர் வைக்கப்பட்ட இடத்தால் ஒலியில் உண்டான உண்மையான வேறுபாட்டைக்கூடக் கேட்டவர்கள் சரிவரக் கவனிக்கவில்லை. கேட்டவர்கள் ஹார்மன் நிறுவனத்தின் ஊழியர்களே.

எனக்கு எத்தனை வாட் தேவை?

நினைப்பதைவிடக் குறைவாகவே இருக்கும். ஸ்பீக்கரின் உணர்திறன் 86 டெசிபெல் என்று வைத்துக்கொள்வோம். அதாவது ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் 86 டெசிபெல். 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் சாதாரண அறையில் சுமார் 6 டெசிபெல் குறையும், இரண்டு ஸ்பீக்கர்கள் சேர்வதால் சுமார் 3 டெசிபெல் கூடும். ஆக, ஆளுக்கு ஒரு வாட்டில் உங்கள் இருக்கையில் ஏறத்தாழ 83 டெசிபெல் கிடைக்கிறது. நிம்மதியாகக் கேட்கும் சராசரி அளவு 75 டெசிபெல் என்றால், பெரும்பாலான நேரம் ஆம்ப்ளிஃபயர் ஒரு வாட்டில் ஆறில் ஒரு பங்கைத்தான் செலவிடுகிறது. இசையின் உச்சங்கள் சராசரிக்கு 20 டெசிபெல் மேலே போகலாம்; 95 டெசிபெல் வேண்டுமென்றால் 16 வாட். அதே அறையில் 105 டெசிபெல் வரை கேட்க நினைத்தால் கணக்கு 160 வாட்டுக்கு ஏறிவிடுகிறது.

இரு மடங்கு வாட் என்பது 3 டெசிபெல் மட்டுமே. காதுக்கு இரு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். 50 வாட்டிலிருந்து 80 வாட்டுக்கு மாறுவதற்குச் செலவிடுவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. ஆனால் பிபிசி வெளிக்கள ஒலிபரப்பு வண்டிகளுக்காக 1970களில் வடிவமைத்த எல்எஸ்3/5ஏ போன்ற சிறிய, உணர்திறன் 83 டெசிபெலை ஒட்டிய ஸ்பீக்கர்களை விசாலமான அறையில் வைத்திருப்பவர்களுக்கு ஆற்றல் உண்மையிலேயே போதாமல் போகும். சத்தம் கூடும்போது தாளம் நசுங்கியும் குரல் முரட்டுத்தனமாகவும் மாறினால் ஆம்ப்ளிஃபயர் தன் எல்லையைத் தொட்டு அலையின் தலையை வெட்டுகிறது என்று சந்தேகிக்கலாம். அந்த நிலையில் உயர் அதிர்வெண்களுக்குப் போகும் ஆற்றல் வழக்கத்தைவிடக் கூடுவதால் முதலில் எரிவது ட்வீட்டர்.

4 ஓம் ஸ்பீக்கரை என் ஆம்ப்ளிஃபயரில் இணைக்கலாமா?

ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கத்தில் 4 ஓம் என்று அச்சிட்டிருந்தால் இணைக்கலாம். 8 ஓமுக்கு மட்டும் என்றிருந்தால் வேண்டாம். குறிப்பிடப்படும் ஓம் ஒரு பெயரளவு எண்தான். சர்வதேசத் தரப்படி உண்மையான மின்மறுப்பு (அதிர்வெண்ணுக்கேற்ப மாறும் மின்தடை) அதில் 80 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது என்றாலும், எல்லாத் தயாரிப்பாளர்களும் அதைக் கடைப்பிடிப்பதில்லை.

நல்ல ஆம்ப்ளிஃபயர்களுக்கிடையே கேட்டறியும் வேறுபாடு இருக்கிறதா?

இரண்டும் தம் எல்லைக்குள் இயங்கும்போது, சத்த அளவைச் சமப்படுத்தி, எது ஒலிக்கிறது என்று தெரியாமல் கேட்டால், வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. வால்வு ஆம்ப்ளிஃபயர்கள் விதிவிலக்கு: அவற்றின் வெளியீட்டு மின்தடை ஓரிரு ஓம் வரை இருப்பதால், ஸ்பீக்கரின் மின்மறுப்பு ஏறி இறங்கும் இடங்களில் ஒலியும் கூடவே ஏறி இறங்குகிறது. அந்த நிறம் சிலருக்குப் பிடிக்கும், அதில் தவறில்லை.

சமப்படுத்துவது எப்படி என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒப்பீடுகள் கெடுவது இங்கேதான். அரை டெசிபெல் கூடுதலாக ஒலிக்கும் கருவியை நம் காது ‘சத்தமானது’ என்று சொல்லாது. ‘தெளிவானது, உயிருள்ளது’ என்று சொல்லும். ஆகவே 1000 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை மாறுதிசை வோல்ட்டில் வைத்து, முதல் ஆம்ப்ளிஃபயரின் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவதையும் அதே அளவுக்குக் கொண்டுவாருங்கள். 2.00 வோல்ட்டுக்கு 2.02 வோல்ட் என்றால் வேறுபாடு 0.1 டெசிபெலுக்குள் அடங்கிவிடும். சாதாரண மல்டிமீட்டர்கள் பல 1000 ஹெர்ட்ஸில் துல்லியம் இழப்பதுண்டு. ஒரே மீட்டரால் இரண்டையும் ஒப்பிடும்போது அது பாதிப்பதில்லை. பிறகு இன்னொருவர் கேபிளை மாற்ற, நீங்கள் முதுகு காட்டி உட்கார்ந்து, குறைந்தது பத்து முறை எழுதி வைத்துப் பாருங்கள்.

தனி டிஏசி வாங்கலாமா? ஹை-ரெஸ் கோப்புகள் (சிடியைவிட நுணுக்கமாகப் பதிவானவை) கேட்பது பயன் தருமா?

1982இல் விற்பனைக்கு வந்த சிடி, ஒலியலையை நொடிக்கு 44,100 முறை அளந்த மாதிரிகளைக் கொண்டது, ஒவ்வொரு மாதிரியும் 16 பிட். மனிதக் காதின் உச்ச எல்லையான 20,000 ஹெர்ட்ஸ் அதற்குள் அடங்குகிறது. சத்தத்தின் வீச்சு 96 டெசிபெல் வரை கிடைக்கிறது. பிராட் மேயர், டேவிட் மோரான் ஆகியோர் 2007இல் வெளியிட்ட சோதனையில், ஹை-ரெஸ் ஒலியையும் அதைச் சிடி தரத்தின் வழியாக அனுப்பிய ஒலியையும் கேட்டவர்களின் விடைகளில் ஏறத்தாழ பாதிதான் சரியாக இருந்தன. நாணயம் சுண்டினாலும் அதுவே கிடைக்கும். ஜோஷுவா ரைஸ் 2016இல் 18 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது 52.3 சதவீதம் என்று வந்தது. புள்ளியியல்படி வேறுபாடு உண்டு, ஆனால் மிகச் சிறியது. நல்ல ஒலிப்பதிவுக்குப் பணம் செலவிடுங்கள். மாதிரி எண்ணிக்கைக்காகச் செலவிடாதீர்கள்.

டிஏசி தேவைப்படும் உண்மையான சூழ்நிலைகள் உண்டு. கணினியின் ஹெட்ஃபோன் முனையிலிருந்து எடுக்கும் ஒலியில் மவுஸை நகர்த்தும்போதெல்லாம் கீச்சொலி கேட்டாலோ, டிவியில் ஆப்டிக்கல் வெளியீடு மட்டும் இருந்தாலோ எளிய டிஏசி ஒன்று போதும். ஆப்டிக்கல் இணைப்பில் மின்தொடர்பே இல்லாததால், தரையிணைப்புச் சுழலால் (இரு கருவிகளின் தரையிணைப்புகள் கேபிள் வழியே வளையமாகச் சேர்வதால்) வரும் ரீங்காரமும் அத்தோடு நின்றுவிடும்.

‘மூலம் சரியாக இருந்தால்தான் மற்றவை சரியாகும்’ என்கிறார்களே?

ஸ்காட்லாந்தின் லின் நிறுவனம் 1970களில் எல்பி12 டர்ன்டேபிளோடு முன்வைத்த வாதம் அது: தொடக்கத்தில் இழந்ததைப் பின்னால் வரும் எந்தக் கருவியாலும் மீட்க முடியாது. இசைத்தட்டுக் காலத்தில் அதில் நியாயம் இருந்தது, ஏனென்றால் டர்ன்டேபிள் ஓர் இயந்திரம். சுழற்சியின் தள்ளாட்டமும் மோட்டாரின் இரைச்சலும் நேராக இசையில் கலந்தன. எளிய டிஜிட்டல் கருவிகள்கூடக் கேட்கும் எல்லைக்குக் கீழே பிழையை வைத்துக்கொண்டிருக்கும் இன்று, மூலமே முதலில் என்ற அந்த வரிசையை அப்படியே கடைப்பிடிப்பது ஸ்பீக்கருக்கும் அறைக்கும் போக வேண்டிய பணத்தை வீணாக்குவதாகவே எனக்குப் படுகிறது.

இசைத்தட்டின் கடைசிப் பாட்டு கரகரப்பது ஏன்? புது டர்ன்டேபிள் வாங்க வேண்டுமா?

ஊசியிலிருந்து தொடங்குங்கள். தட்டு நிமிடத்துக்கு 33⅓ முறை சுழல்கிறது. வெளிவிளிம்பில் ஊசியின் கீழ் நொடிக்கு 51 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது, உள்விளிம்பை நெருங்கும்போது அது ஏறத்தாழ 21 சென்டிமீட்டராகக் குறைந்துவிடுகிறது. அதே இசை பாதிக்கும் குறைந்த நீளத்தில் நெருக்கி எழுதப்பட்டிருப்பதால், உருண்டை முனை ஊசியால் அந்த நுண்ணிய வளைவுகளுக்குள் இறங்க முடிவதில்லை. நீள்வட்ட முனையும், அதைவிட மெல்லிய விளிம்புள்ள மைக்ரோலைன் வகை முனையும் அங்கே கேட்கத்தக்க வேறுபாட்டைத் தருகின்றன. பல மூவிங் மேக்னட் வகைக் காட்ரிட்ஜ்களில் (ஊசியைத் தாங்கும் சிறு பெட்டி) ஊசியை மட்டும் உருவி, அதே உடலில் உயர்தர ஊசியைச் செருகலாம்.

ஊசியின் ஆயுள் பொதுவாக 500 முதல் 1000 மணி நேரம். நாளுக்கு 40 நிமிடத் தட்டு ஒன்று என்றால் ஆண்டுக்கு சுமார் 240 மணி நேரம் ஆகிறது. ஐந்தாறு ஆண்டாக மாற்றாத ஊசி இருந்தால் வேறு எதையும் யோசிக்காமல் அதை மாற்றுங்கள், தேய்ந்த ஊசி தட்டையே செதுக்கிவிடும். புதிய ஊசியைப் பொருத்திய பிறகு, ஊசி தட்டை எவ்வளவு அழுத்த வேண்டும் என்று காட்ரிட்ஜுக்குச் சொல்லப்பட்ட எடையைச் சிறிய டிஜிட்டல் தராசில் சரிபார்க்கவும், பெரும்பாலும் 1.5 முதல் 2.5 கிராமுக்குள் இருக்கும். எடை குறைந்தால் தட்டுக்கு நல்லது என்பது தவறு. ஊசி பள்ளத்தில் குதித்துச் சுவரைச் சிதைப்பது அப்போதுதான்.

ஸ்பீக்கர் கேபிள்?

2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி. 5 மீட்டர் தூரத்துக்குப் போகவர அதன் மின்தடை 0.07 ஓம், 8 ஓம் ஸ்பீக்கரில் இழப்பு ஒரு டெசிபெலில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 0.5 சதுர மில்லிமீட்டர் மெல்லிய கம்பி என்றால் 0.34 ஓம், அதைத் தவிர்க்கலாம். முனைகளை ஆண்டுக்கொரு முறை கழற்றித் துடைத்து இறுக்குவது எந்த விலையுயர்ந்த கேபிளையும்விடப் பயனுள்ளது.

சப்வூஃபர் சேர்த்தால் இசை கெட்டுவிடுமா?

சத்தமாக வைத்தால் கெடும். சிறிய ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களுக்கு, சரியாகச் சேர்த்த சப்வூஃபர் (பேஸுக்கு மட்டுமான தனி ஸ்பீக்கர்) நான் அறிந்த மேம்பாடுகளிலேயே பெரியது. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை மட்டும் அதற்குப் பிரித்துக் கொடுத்தால் அந்த ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்குத் தெரிவது கடினம். முதன்மை ஸ்பீக்கர்களுக்கு அந்த எல்லைக்குக் கீழுள்ளதை அனுப்பாமல் தடுக்கும் வசதி இருந்தால் அவசியம் பயன்படுத்துங்கள்; வூஃபரின் சுமை குறைந்து நடுப்பகுதி தெளியும். இடம் தேட எளிய வழி: சப்வூஃபரை நீங்கள் உட்காரும் இருக்கையில் வைத்து, பேஸ் வரிசை ஏறி இறங்கும் பாட்டு ஒன்றை ஓடவிட்டு, அறையோரமாகத் தரையில் குனிந்து சுற்றி வாருங்கள். எல்லாச் சுரமும் சமமாகக் கேட்கும் இடத்தில் சப்வூஃபரை வையுங்கள்.

இருபது ஆண்டுப் பழைய ஸ்பீக்கர் இருக்கிறது. தூக்கிப் போடுவதா, பழுது பார்ப்பதா?

முதலில் முன்திரையைக் கழற்றி வூஃபரின் ஓர வளையத்தைப் பாருங்கள். அது நுரையால் ஆனது என்றால் 10 முதல் 20 ஆண்டுகளில் காற்றின் ஈரத்தால் உதிர்ந்துவிடும். விரலால் தொட்டதும் ஒட்டும் பொடியாக வரும். ரப்பர் வளையம் நெடுங்காலம் இருக்கும். நுரை வளையம் தனியாகக் கிடைக்கிறது. பழையதைச் சுரண்டி எடுத்து, பசை காயும்வரை கூம்பை மையத்தில் நிறுத்தினால் ஒரு மாலைப்பொழுது வேலைதான். ஒட்டிய பிறகு ஐந்து விரல் நுனிகளையும் கூம்பின் மேல் விரித்து வைத்து மெல்ல உள்ளே தள்ளிப் பாருங்கள். உரசும் ஓசை கேட்டால் கூம்பின் பின்னுள்ள கம்பிச் சுருள் மையத்தில் இல்லை, பசை இறுகுவதற்குள் சரிசெய்ய வேண்டும்.

வளையம் நன்றாக இருந்தும் மேல்சுரங்கள் மங்கிக் கேட்டால், ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்தனுப்பும் கிராஸ்ஓவர் பலகையில் உள்ள எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கிகள் வயதாகிவிட்டன எனலாம். அதே மைக்ரோஃபேரட் மதிப்பில் புதியவற்றை இரண்டு ஸ்பீக்கர்களிலும் சேர்த்தே மாற்றுங்கள், ஒன்றில் மட்டும் மாற்றினால் பாடகர் ஒரு பக்கமாக நகர்ந்து நிற்பார்.